இலங்கைத் தீவின் காட்டுச் சுண்டெலிகள்: வாழிடமும் எதிர்காலமும்

பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொறிவிலங்குகளே. ஆயினும் வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிய எழுத்துகளில் யானை, சிறுத்தை, கரடி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடத்தில் சிறு பங்குகூட எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கிடைப்பதில்லை. வீட்டுக் கூரையிலும் நெற்களஞ்சியத்திலும் வாழும் ஒருசில இனங்களைக் கொண்டே மனிதர் அக்குலம் முழுவதையும் மதிப்பிடுவது இதற்கு முதன்மையான காரணமாகும். மனிதக் குடியிருப்பை ஒருபோதும் நாடாமல், ஒரே தீவின் ஒரே வகைக் காட்டில் மட்டும் வாழ்ந்து, அக்காடு குறையக் குறையத் தாமும் குறைந்துவரும் சுண்டெலி இனங்கள் வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் உள்ளன. அவற்றுள் இலங்கைக்கே உரிய காட்டுச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு, அவை எவை, அவற்றைப் பற்றிய அறிவு எவ்வாறு திரண்டது, அவற்றை அச்சுறுத்துவன யாவை, அவற்றைக் காப்பதற்கு எது போதும், எது போதாது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது.

இனங்களும் உறவுகளும்

சுண்டெலிகள் அடங்கிய பேரினத்தை விலங்கியலார் 'மஸ்' என வழங்குவர். பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியாகும். ஏறத்தாழ 40 இனங்களைக் கொண்ட இப்பேரினம் நான்கு துணைப்பேரினங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. உலகெங்கும் பரவியுள்ள வீட்டுச் சுண்டெலியும் வயல்களில் வாழும் சில இனங்களும் ஒரு பிரிவில் அடங்கும். ஆப்பிரிக்காவின் குறுஞ்சுண்டெலிகள் மற்றொன்றில் அடங்கும். முதுகு மயிருக்கிடையே தட்டையான முட்கள் கலந்திருக்கும் ஆசிய முட்சுண்டெலிகள் 'பைரோமிஸ்' எனவும், நீண்ட மூக்கும் சிறிய கண்களும் கொண்டு தோற்றத்தில் மூஞ்சூற்றை ஒத்திருக்கும் மலைக்காட்டுச் சுண்டெலிகள் 'சீலோமிஸ்' எனவும் பெயர் பெற்றுள்ளன. மூஞ்சூறு பூச்சியுண்ணும் வேறொரு வரிசையைச் சேர்ந்த விலங்கு என்பதால், இவ்வொற்றுமை உறவினால் விளைந்ததன்று. ஒத்த வாழ்க்கை முறையினால் விளைந்தது.

இப்பேரினத்தில் இலங்கைக்கே உரிய இனங்கள் இரண்டு. முதலாவது 'மஸ் மேயோரி' எனப்படும் மேயரின் சுண்டெலி. சீலோமிஸ் பிரிவைச் சேர்ந்த இது ஈரவலயக் காடுகளில், அதாவது தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் தாழ்நிலங்களிலும் மத்திய மலைநாட்டிலும், தரையில் வாழும் இரவு விலங்கு. மலைநாட்டில் ஒன்றும் தாழ்நிலத்தில் ஒன்றுமாக இதற்கு இரு துணையினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது 'மஸ் ஃபெர்னாண்டோனி' எனப்படும் இலங்கை முட்சுண்டெலி. பைரோமிஸ் பிரிவைச் சேர்ந்த இது மிகச் சில இடங்களிலிருந்தே பதிவாகியுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் முதலாவதை அழிவாய்ப்புள்ள இனம் என்ற தரத்திலும், இரண்டாவதை அதைவிடக் கடுமையான அருகிவிட்ட இனம் என்ற தரத்திலும் வைத்துள்ளது.

இவ்விரண்டையும் தனித்து நோக்குவது போதாது; ஏனெனில் அதே காடுகளில் அதே இடர்களை எதிர்கொள்ளும் வேறு கொறிவிலங்குகளும் உள்ளன. மரக்கிளைகளில் நீண்ட வாலின் துணையோடு ஏறித் திரியும் நொல்தீனியசின் மரச்சுண்டெலி, நில்லு எலி என்று அழைக்கப்படும் மலை எலி, ஒரு பேரினம் முழுவதற்கும் தனியொரு சான்றாக நிற்கும் ஓஹிய எலி ஆகிய மூன்றும் இலங்கைக்கு மட்டுமே உரியன. ஒரு நாட்டிலோ தீவிலோ அன்றி வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத இத்தகைய உயிர்களை ஓரிடவாழ் இனங்கள் என்பர். அவை அங்கு அழிந்தால் உலகிலிருந்தே அழிந்தனவாகும் என்பதே இச்சொல்லுக்குப் பாதுகாப்பியலில் உள்ள எடை.

ஆராய்ச்சியின் வரலாறு

இலங்கைக் கொறிவிலங்குகள் பற்றிய முறையான எழுத்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. தீவின் விலங்குகளை முதன்முதலாகத் தொகுத்து 1852இல் நூலாக்கிய எட்வர்ட் ஃபிரெடரிக் கெலாட், குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் ஆகிய இருவரின் எழுத்துகளிலும் 'காப்பி எலி' இடம்பெறுகிறது. நில்லுச் செடியின் விதைகளை உண்டு காட்டில் வாழ்ந்த அவ்வெலி, உணவு குன்றிய காலங்களில் கூட்டங்கூட்டமாகக் காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி மொட்டுகளையும் பூக்களையும் அழித்தது என்றும், தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் அதன் இறைச்சியைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் விரும்பி உண்டனர் என்றும் டெனன்ட் எழுதியுள்ளார். இந்தக் காப்பி எலி இந்தியாவிலும் வாழும் இனமே ஆயினும், இக்குறிப்பு இரண்டு வகையில் கருதத்தக்கது. மலைக்காட்டின் எலிகள் தோட்டக்காரரின் கண்ணில் பட்டது பயிரழிப்பனவாகவே என்பதை அது காட்டுகிறது. நில்லுவின் பூப்புச் சுழற்சியோடு எலிகளின் பெருக்கம் பிணைந்திருந்ததற்கும் அது பழைய சான்றாகிறது.

நில்லு என்பது குறிஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த செடிகளுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். நீலகிரியின் குறிஞ்சியைப் போலவே இவற்றுள் சில ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, ஒருசேர விதையீன்று மடிகின்றன. மத்திய மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளியில் 2013இல் இத்தகைய பெரும்பூப்பு நிகழ்ந்தது. விதை மலிந்த ஆண்டில் எலிகள் பெருகுவதும், அது தீர்ந்தபின் சரிவதும் இயல்பாதலால், ஒரேயோர் ஆண்டில் நடத்தும் கணக்கெடுப்பைக் கொண்டு இவ்வினங்களின் நிலையை முடிவு செய்வது பிழையாக அமையக்கூடும்.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியதும் எலி பற்றிய அரசின் அக்கறை துறைமுகங்களையும் நகரங்களையும் நோக்கித் திரும்பியது. எலித் தெள்ளுப்பூச்சிகளை வகைப்படுத்தி நோய்ப் பரவலை விளக்கிய ஃபேபியன் ஹர்ஸ்டின் புகழ்பெற்ற பணி கொழும்பில் நிகழ்ந்தது இச்சூழலில்தான். காட்டு எலிகள் பற்றிய அறிவோ இதே காலத்தில் முற்றிலும் வேறொரு வழியில் வளர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய பாலூட்டிகள் கணக்கெடுப்புக்காக மேஜர் மேயர் இலங்கையில் மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை லண்டனில் ஆராய்ந்த ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் 1915இல் புதிய சுண்டெலியை விவரித்து, சேகரித்தவரின் பெயரையே அதற்கு இட்டார். அடுத்த பெரும் பங்களிப்பு டபிள்யூ. டபிள்யூ. ஏ. ஃபிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டக்காரருடையது. ஓஹிய எலியையும் நொல்தீனியசின் மரச்சுண்டெலியையும் 1929இலும், முட்சுண்டெலியையும் நில்லு எலியையும் 1932இலும் அவர் விவரித்தார். 1935இல் அவர் வெளியிட்ட இலங்கைப் பாலூட்டிகள் கையேடு இன்றளவும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. 1981இல் கை மஸர், ஓஹிய எலியின் மண்டையோட்டையும் பற்களையும் ஆராய்ந்து, அது அதுவரை எண்ணப்பட்டதுபோல் சாதாரண எலிப் பேரினத்தில் அடங்காது என்று நிறுவி, 'சிறிலங்காமிஸ்' என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் புலப்படுகிறது. காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்ட தோட்டத்துறையிலிருந்தே அக்காட்டின் எலிகளை அறிவியலுக்கு அறிமுகம் செய்த ஒருவரும் வந்தார். ஆகவே இவ்வினங்களுக்குப் பெயர் கிடைத்த காலத்திலேயே அவற்றின் வாழிடத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டிருந்தது. காப்பிக்கு முந்திய மலைநாட்டில் அவை எவ்வளவு பரந்து வாழ்ந்தன என்பதற்கு எந்தச் சேகரிப்பும் சான்று பகரவில்லை.

தீவுக்குள் ஒரு தீவு

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணை ஆழமற்றது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இரு நிலங்களும் இணைந்திருந்தன. அவ்விணைப்பு இற்றைக்குப் பத்தாயிரம் ஆண்டுகள் அளவில்தான் அறுந்தது. அவ்வாறாயின் இலங்கை உயிரினங்கள் தென்னிந்திய உயிரினங்களின் கிளையாகவே இருக்கவேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தவளை, நன்னீர் நண்டு, மண்ணுளிப் பாம்புவகை முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, நிலப்பாலம் இருந்த காலங்களிலும் இரு பகுதிகளுக்கிடையே இனப்பரிமாற்றம் குறைவாகவே நடந்தது என்று காட்டியது. மழைக்காட்டு உயிர்களுக்கு நடுவிலிருந்த வறண்ட தாழ்நிலம் ஒரு தடையாக இருந்திருக்கக்கூடும் என்பது இதற்கு ஏற்புடைய விளக்கம். இலங்கையின் ஈரவலயம் தீவுக்குள் அமைந்த மற்றொரு தீவாகவே இருந்துவந்துள்ளது.

சுண்டெலிகள் இவ்வினாவுக்குச் சுவையான ஒரு சான்றை அளிக்கின்றன. நீலகிரியில் குன்னூரிலிருந்து 1898இல் விவரிக்கப்பட்ட போன்ஹோட்டின் சுண்டெலி, மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் அருகிவிட்ட இனமாகும். மேயரின் சுண்டெலியைப் போன்ற தோற்றமும் மலைக்காட்டு வாழ்க்கையும் கொண்டிருந்தமையால் இதுவும் சீலோமிஸ் பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. 2003இல் வெளியான மூலக்கூற்று ஆய்வோ, இது வீட்டுச் சுண்டெலியும் வயற்சுண்டெலிகளும் அடங்கிய பிரிவுக்கே நெருங்கியது என்று கண்டது. தொலைவான உறவுடைய உயிர்கள் ஒத்த சூழலில் வாழ்வதால் ஒத்த வடிவத்தை அடைவதை ஒருங்குபரிணாமம் என்பர். நீலகிரியும் நுவரெலியாவும் ஒரே வகை மலைச்சூழலில் வெவ்வேறு மரபுவழிகளிலிருந்து ஒத்த வடிவச் சுண்டெலிகளை உருவாக்கியுள்ளன. எனவே ஒன்றின் இழப்பை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது.

வாழிடத்தின் சுருக்கம்

இவ்வினங்களின் இன்றைய நிலைக்கு அடிப்படைக் காரணம் காட்டழிப்பு என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. 1830கள் தொட்டுக் காப்பிக்காக மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபோது வெட்டிய நிலம் காட்டுக்குத் திரும்பாமல், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலைக்கு மாறியது. தாவரவியலார் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஒட்டி 1870களில் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரசுக் காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. ஆற்றுத் தலைப்புகளைக் காக்கும் நோக்குடன் செய்யப்பட்ட அம்முடிவே சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, பிதுருதலாகல ஆகியவற்றைச் சூழ்ந்த மலைக்காடுகள் இன்றும் நிற்பதற்குப் பெருங்காரணம். அதன் மறுபக்கமாக, அவ்வெல்லைக்குக் கீழிருந்த நடுமலைக் காடுகள் பெரும்பாலும் தேயிலையாயின. இதன் விளைவாக மேயரின் சுண்டெலியின் மலைநாட்டுக் கூட்டத்துக்கும் தாழ்நிலக் கூட்டத்துக்கும் இடையே காட்டுத் தொடர்ச்சி அறுபட்டது. நாடு முழுவதிலும் 1956இல் ஏறத்தாழ 44 விழுக்காடாக இருந்த காட்டுப் பரப்பு, 2010 அளவில் 30 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஈரவலயத்தில் எஞ்சியவை சிதறிய துண்டுகளே.

எஞ்சிய காடும் மாறாமல் நிற்கவில்லை. தாழ்நிலத்தின் மிகப்பெரிய மழைக்காடான சிங்கராஜாவில் 1970களில் இயந்திரங்களின் துணையோடு மரம் வெட்டப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. ஹோட்டன் சமவெளியில் 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் அங்கு மேட்டு மரங்கள் நின்றவாறே பட்டுப்போகும் 'காட்டுப் பட்டழிவு' பரவியது. ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதர் புல்வெளியில் வேரூன்றியது. தரையில் வாழும் சுண்டெலிக்கு இத்தகைய மாற்றங்கள் யானைக்கோ சிறுத்தைக்கோ உள்ளதைவிட நேரடியானவை. அதற்கு வேண்டியது மரங்களின் எண்ணிக்கை மட்டுமன்று; உதிர்ந்த இலைகளின் ஈரமான படுகை, விழுந்து உளுத்த மரங்கள், வேர்ப்பொந்துகள், அடர்ந்த கீழ்ச்செடிகள், அவற்றுள் வாழும் பூச்சிகள் ஆகியன அனைத்தும் சேர்ந்ததே அதன் வீடு. செயற்கைக்கோள் படத்தில் பசுமையாகத் தெரியும் பைன் தோப்பும் யூகலிப்டஸ் தோப்பும் இவற்றை அளிப்பதில்லை.

வேறு இடர்களும் அயல் தீவுகளின் படிப்பினையும்

வாழிடம் துண்டாகும்போது காட்டின் விளிம்பு நீள்கிறது; விளிம்பின் வழியே மனிதரோடு வாழும் விலங்குகள் உட்புகுகின்றன. தோட்டக் குடியிருப்புகளையும் சுற்றுலா விடுதிகளையும் சார்ந்த பூனைகளும் நாய்களும், குப்பையைப் பின்தொடரும் கறுப்பெலியும் வீட்டுச் சுண்டெலியும், மரக்கறித் தோட்டங்களில் இடப்படும் எலிப்பாசாணமும் இவ்வகையான இடர்களாகும். பாசாணம் நாட்டெலிக்கும் காட்டெலிக்கும் வேறுபாடு பாராது. வெப்பநிலை உயர்வது மற்றொரு நெடுங்கால இடராகும்: தாழ்நில உயிர்கள் குளிர்ச்சியை நாடி மேலேறலாம், ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் இனத்துக்கோ அதற்கு மேல் ஏறுவதற்கு இடமில்லை.

இவற்றுள் எது எவ்வளவு கொடியது என்பதை மதிப்பிட அயல் தீவுகளின் பட்டறிவு உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையிலுள்ள பிராம்பிள் கே என்ற சிறு மணற்றீவில் மட்டும் வாழ்ந்த மெலோமிஸ் எலி 2009க்குப் பின் காணப்படவில்லை. அதனைத் தேடி 2014இல் நடந்த ஆய்வும் வெறுமையாக முடிந்தது. 2019இல் அந்நாட்டு அரசு அது அழிந்ததென அறிவித்தது. கடல்மட்ட உயர்வும் புயலலைகளும் தாவரத்தை அழித்ததே காரணம் என்பதால், மனிதர் விளைத்த பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதற் பாலூட்டியாக அது கருதப்படுகிறது. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் 1899 அளவில் கப்பல் வழியே வந்த கறுப்பெலிகள் கொணர்ந்த ஒட்டுண்ணி நோய், சில ஆண்டுகளுக்குள்ளேயே அத்தீவுக்குரிய எலிகளை அழித்துவிட்டது.

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு இதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. 1956இல் பிடிபட்ட ஒரேயொரு மாதிரியால் மட்டும் அறியப்பட்டிருந்த அபோமிஸ் சக்கோபியானஸ் என்ற காட்டுச் சுண்டெலி, 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது அழிந்திருக்கும் என்று அஞ்சப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து மலைச்சரிவுகளில் பொறிவைத்த ஆய்வாளர்கள், மீண்டெழும் புதர்க்காட்டில் அதுவே மிகுதியாக வாழும் சிறுபாலூட்டி எனக் கண்டனர். தீவுச் சுண்டெலிகள் அனைத்தும் தொட்டால் உடையும் இயல்பின அல்ல. காடு மீள வழியிருந்தால் சில இனங்கள் தாமும் மீளும். இலங்கையின் நிலைமை பிராம்பிள் கேயைவிட லூசோனுக்கு நெருக்கமானது. இலங்கையில் மலையும் காட்டுத் துண்டுகளும் இன்னும் உள்ளன. ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் அந்நம்பிக்கை காடு மீள்வதைப் பொறுத்தது.

கணக்கெடுப்பும் தரநிர்ணயமும்

செம்பட்டியலின் தரங்கள் உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அமைவதில்லை. ஓர் இனம் பரவியுள்ள நிலப்பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, அது துண்டுபட்டும் தொடர்ந்து தரங்குன்றியும் வருமாயின் அழிவாய்ப்புள்ள இனம் என்றும், பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறையுமாயின் அருகிவிட்ட இனம் என்றும் கொள்ளப்படலாம். இலங்கைச் சுண்டெலிகள் இத்தரங்களைப் பெற்றது பெரும்பாலும் இவ்வழியிலேயே. சுண்டெலிகளை எண்ணிப் பார்த்து உறுதிசெய்த சரிவைவிட, காடு குறைந்ததிலிருந்து ஊகித்த சரிவே இங்கு அடிப்படையாக உள்ளது. இம்முறை தவறானதன்று. எனினும் எந்தத் துண்டில் இனம் இன்னும் வாழ்கிறது, எதில் மறைந்துவிட்டது என்பதை அது சொல்லாது.

அதனை அறியக் களத்தில் இறங்குதல் வேண்டும். உயிருக்குத் தீங்கிழைக்காத பெட்டிப் பொறிகளை வரிசையாக வைத்து, பிடிபட்டவற்றை அளந்து அடையாளமிட்டு விடுத்து, மீண்டும் பிடிபடுபவற்றின் விகிதத்திலிருந்து மொத்தத்தைக் கணிப்பது வழக்கமான முறை. வெப்பமண்டலக் காட்டில் பல இரவுகள் பொறிவைத்தாலும் சில உயிர்களே அகப்படும். மரத்தில் வாழும் இனங்களுக்குக் கிளைகளிலும் பொறி வைக்கவேண்டும். தோற்றத்தால் பிரித்தறிய அரிதான இனங்களை மரபணுச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். உழைப்பு மிகுந்த இப்பணிக்கு, பெருவிலங்கு ஆய்வுக்குக் கிடைக்கும் நிதியும் ஆர்வமும் கிடைப்பதில்லை என்பதே இதன் தேக்கத்துக்குக் காரணம்.

பாதுகாப்பின் போதுமையும் போதாமையும்

காப்பிடங்கள் என்ற அளவில் இலங்கை பின்தங்கியதன்று. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் சிங்கராஜா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைச் சரணாலயமும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைக்காடும் மத்திய மலைநாடு என்ற பெயரில் அப்பட்டியலில் இடம்பெற்றன. மேயரின் சுண்டெலியின் முக்கியமான வாழிடங்கள் இவ்வெல்லைகளுக்குள் அடங்குகின்றன என்பது பெரும் நன்மை. ஆனால் எல்லை வகுப்பது வெட்டுவதைத் தடுக்குமேயன்றி, பட்டழிவையும் பூனையையும் குப்பை தேடிவரும் எலியையும் தடுக்காது. எல்லைக்கு வெளியே தோட்டங்களுக்கிடையில் நிற்கும் சிறு காடுகளையும் காக்காது.

செய்யவேண்டியவை மூன்றாகத் தொகுக்கத்தக்கன. முதலாவது, மலைநாட்டிலும் தாழ்நிலத்திலும் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒரே முறையில், நில்லுப் பூப்புச் சுழற்சி முழுவதையும் உள்ளடக்கும் கால அளவில், சிறுபாலூட்டிக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து நடத்துதல். இரண்டாவது, கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் ஓடைக் கரைகளிலும் நாட்டு மரங்களை வளர்த்து நடுமலைக் காட்டுத் துண்டுகளை இணைத்தல். மலைநாட்டுத் தோட்ட மக்கள் இதில் கூலியாட்களாக அன்றிப் பங்காளிகளாக அமைதல் வேண்டும். மூன்றாவது, பூங்கா எல்லைகளில் குப்பையையும் வளர்ப்பு விலங்குகளையும் எலிப்பாசாணத்தையும் கட்டுப்படுத்துதல். இம்மூன்றும் சுண்டெலிகளுக்காக மட்டும் செய்யப்படுவன அல்ல. காட்டு எலிகள் ஆந்தைக்கும் பாம்புக்கும் சிறுபூனை இனங்களுக்கும் இரையாகின்றன. ஆகவே அவற்றைத் தாங்கும் தரை நன்னிலையில் இருப்பது காடு முழுவதும் நன்னிலையில் இருப்பதற்கான அளவுகோலாகும்.

மரங்கள் நின்றபடியே ஒரு காடு உள்ளே வெறுமையாகக்கூடும். அதனை முதலில் உணர்பவை தரையில் வாழும் சிற்றுயிர்களே. இலங்கையின் காட்டுச் சுண்டெலிகளைக் காப்பதற்குத் தனிச் சரணாலயமோ அரிய தொழில்நுட்பமோ தேவையில்லை. ஏற்கெனவே காக்கப்பட்டதாகக் கருதப்படும் காடுகளின் தரைமட்ட வாழ்வைக் கணக்கிலெடுப்பதும், அவற்றுக்கிடையே அறுந்த தொடர்ச்சியை மீட்பதுமே தேவை. அவை இரண்டும் அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தோட்ட நிர்வாகங்கள் ஆகியன இன்றுள்ள வசதிகளைக் கொண்டே தொடங்கக்கூடிய பணிகளாகும்.